தம்பிக்கு, புரதத்தின் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

புரதத்தைக் கூட்டியதிலிருந்து எடை ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். பனீர் பட்டர் மசாலா, வறுத்த முந்திரி, பாலில் கரைத்த பவுடர் என்று நீ போட்ட பட்டியலைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. உன் தட்டில் புரதத்தைவிட அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கொழுப்புதான் அதிகம்.

எதை வாங்கினாலும் 10 கிராம் புரதத்துக்கு எத்தனை கலோரி என்று பார். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 55. மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டையில் 65. முழு முட்டையில் 120, வெள்ளைக்கரு மட்டும் என்றால் 50-க்கும் கீழே. பனீரில் 150 போல. கொண்டைக்கடலையில் 180-ஐ ஒட்டி வரும். நிலக்கடலையில் 220 போல வரும், பாதாமில் 270. நிலக்கடலையும் பாதாமும் நல்ல சாமான்தான், ஆனால் அவற்றை எண்ணெய்க் கணக்கில் வை. நாளுக்கு ஒரு சிறு கைப்பிடி போதும்.

உனக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்னது, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உன் 70 கிலோவுக்கு 58 கிராம் வரும். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறாய் என்பதால் கிலோவுக்கு 1.2 என்று 84 வரை போகலாம். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிக் கூட்டக் கூடாது. அதனால் சிறுநீரகம் சரியா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிடு.

மீல்மேக்கரை நீ சமைப்பதில்தான் எனக்குக் கவலை. 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம், 86 கலோரி. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறட்டும். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஒட்டப் பிழி. நுரைத்த தண்ணீர் வருவது நிற்கும்வரை மறுபடி அலசிப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் பச்சை வாடை போகாது, மசாலாவும் உள்ளே இறங்காது. பிழிந்ததை நேராக எண்ணெயில் போட்டு வறுக்காதே, பஞ்சுபோல எண்ணெயைக் குடித்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்றாலே 240 கலோரி, சோயாவைப்போல மூன்று பங்கு ஆகப்போகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம் தக்காளி வதக்கி, மசாலா கொதிக்கும்போது போட்டு மூடி வேகவை.

கோழியைப் பச்சையாக இருக்கும்போதே நிறுத்துப் பார். 120 கிராம் கறி வெந்தபின் 90 கிராமுக்குச் சுருங்கும், புரதம் அதே 27 கிராம்தான். மேலே மாவு பூசிப் பொரித்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

சாம்பாரை நம்பாதே. ஒரு கரண்டியில் 2 கிராம் புரதம் இருந்தால் பெரிது. கெட்டிப் பருப்பாக வை, ஒரு வேளைக்கு 30 கிராம் பருப்பு.

இன்னொன்று, நீ புரதத்தைச் சேர்த்தாயே தவிர எதையும் எடுக்கவில்லை. கோழி வைக்கிற அன்று ஒரு கப் சோற்றைக் குறை, 200 கலோரி போகும். சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டால் ராத்திரி ஒரு சப்பாத்தியைக் குறை, கொண்டைக்கடலையிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. தேங்காய்த் துருவல் ஒரு தேக்கரண்டியோடு நிற்கட்டும்.

காலையில் மூன்று இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, மத்தியானம் அந்தக் கோழியும் பருப்பும், சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், ராத்திரி சப்பாத்தியோடு மீல்மேக்கர், ஒரு கிண்ணம் தயிர். 80 கிராம் பக்கம் வந்துவிடும், பவுடருக்கு அவசியமே இல்லை. உன் பவுடர் டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எழுது. கடலை வகைகளை ஒரே நாளில் கூட்டாதே, வயிறு உப்பும். முதல் வாரம் 20 கிராமில் தொடங்கு, எட்டு மணி நேரம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள். எடையை ஞாயிறு காலை, வெறும் வயிற்றில் மட்டும் பார். நான்கு வாரத்து எண்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா