நன்மை வாங்கிய பின் இரண்டு நிமிடம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்!

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். மூன்று மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், முந்நூறு மரம் வெட்டி முடிக்க ஆறரை ஆகும். அப்புறம் காத்திருப்புதான். பால் தன் போக்கில்தான் சொட்டும். அவசரப்பட்டுக் கத்தியை ஆழமாக வைத்தால் பட்டை காயப்பட்டு மரம் கெடும். சிரட்டை நிறையும் வரை பாறையில் உட்கார்ந்து செபமாலை சொல்வேன். சில நாள் இரண்டாம் தேவ இரகசியத்திலேயே, அதாவது இரண்டாவது பத்து மணியிலேயே, மனம் நின்றுவிடும். 53 மணியும் முடியாது. அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

கோயிலுக்கு வந்தால்தான் மூச்சு வாங்குகிறது. நம் ஒலிபெருக்கியில் 53 மணியும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது. (செபத்தில் கடிகாரம் பார்த்தது என் தப்புதான்.) ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கித் திரும்பி முட்டுக்குத்துவதற்குள் மைக்கில் திருவிழா வரி, அன்பியம் (பக்கத்து வீட்டார் கூடும் செபக் கூட்டம்) யார் வீட்டில், வாழைக்குலை ஏலம். வாரம் முழுக்கக் கூட்டங்கள் வேறு. எல்லாம் நல்லதுதான். என் மனைவி மூன்று சபைகளில் இருக்கிறாள். அவள் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து செபித்து நாளாகிறது.

2022-ல் வேதத்துக்காக உயிர் விட்ட தேவசகாயம் புனிதரான பிறகு, அவர் சுடப்பட்ட காற்றாடிமலைக்கு பஸ் பிடித்துப் போனோமே, நினைவிருக்கிறதா? 1752 ஜனவரி 14 அன்று சுட வந்த சிப்பாய்களிடமே செபிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டவர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாறையருகே நாம் நின்றது இருபது நிமிடம். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நானும்தான் ஓடி வந்து ஏறினேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நன்மை கொடுத்து முடிந்ததும் இரண்டு நிமிடம் மைக்கை அணைத்து வையுங்கள். அறிவிப்புகள் எங்கும் போய்விடாது. மதியம் 12 மணிக்கு மூவேளை செப மணி அடிக்கிறது, கதவோ பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். உண்டியல் போய்விடும் என்ற பயமென்றால் உண்டியலைப் பூட்டி உள்ளே வையுங்கள்.

நேரில் வந்து சொல்லச் சொன்னால் வருகிறேன். கூட்டத்தை மாலையில் வையுங்கள். காலை பத்துக்கு முன் பால் எடுத்து உறை ஊற்றி முடியாது.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்