ரயில் பிறகு வரட்டும், முதலில் பஸ் நேரத்துக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும், முடிந்தால் அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு இலகு ரயில் (நகரங்களில் ஓடுகிற சிறிய மின்சார ரயில்) ஓடினால் எப்படி இருக்கும் என்று என் மகன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான். உயர்தரம் படிக்கிறவன், கைபேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் நான் மட்டக்களப்பு டவுனில் வேலை முடிந்து களுதாவளைக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருந்தேன். அந்தக் களைப்பில் அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்து யோசித்துச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது இதுதான். மாலை நாலரைக்கு டவுனில் ஒரு பஸ்ஸில் ஏறினேன். இருக்கைகள் நிரம்பி, நிற்கவும் பத்துப் பேர் இருந்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாரதி இடைக்கிடை பஸ்ஸை இரண்டடி முன்னுக்கு உருட்டுவார், வெளியில் நிற்கிற சனம் பஸ் வெளிக்கிடுகிறது என்று ஓடிவந்து ஏறும், பழையபடி நிறுத்திவிடுவார். இப்படியே இருபத்தைந்து நிமிடம். கல்லடிப் பாலம் தாண்டியதும் இன்னொரு நிற்பு. காத்தான்குடியில் நடு வீதிப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நிற்பு, அதுவும் பத்து நிமிடம். அப்புறம் பின்னால் வந்த பஸ் கண்ணாடியில் தெரிந்ததுதான் தாமதம், அதுவரை ஊர்ந்து வந்த பஸ் பறக்கத் தொடங்கியது. ஆரையம்பதியில் ஒரு வயதான அம்மா இறங்க வேண்டும். ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும், மற்றக் கையில் கம்பி. "கொஞ்சம் நிப்பாட்டு மனே, கால் நிலத்தில படட்டும்" என்றார். பஸ் முழுதாக நிற்கவே இல்லை. நடத்துநர் பெடியன்தான் குதித்து இறங்கி அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஓடிவந்து தொற்றிக்கொண்டான். படி முழங்கால் உயரம். என்னுடைய அம்மாவுக்கும் அதே வயது, அதே முழங்கால் நோ.

அந்தச் சாரதியையோ நடத்துநரையோ திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய நாள் கூலி சேர்ந்த காசிலிருந்துதான் வர வேண்டும். டீசல் போக, முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அப்படியென்றால் நிரம்பும் வரை நிற்கத்தான் செய்வார்கள், பின்னால் வருகிறவன் முந்தினால் அடுத்த தரிப்பிடத்துச் சனம் அவனுக்குப் போய்விடும், அதனால் ஓடத்தான் செய்வார்கள். 1958இல் பஸ்களை அரசு பொறுப்பெடுத்து இலங்கை போக்குவரத்துச் சபை வந்தது, 1979இல் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் காசு கொடுப்பது ஆள் கணக்குக்கு. ஓடிய தூரத்துக்கும் நேரத்துக்கும் அல்ல. கோளாறு இருப்பது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

லண்டனில் பஸ் ஓட்டுவது தனியார் கம்பனிகள்தான். ஆனால் எந்த வழியில், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று ஓட வேண்டும் என்று நகரம் தீர்மானித்து ஒப்பந்தம் போடுகிறது, நேரத்துக்கு ஓடினால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. சிங்கப்பூரும் 2016இல் அந்த முறைக்கு மாறியது, ரிக்கெட் காசு அரசுக்குப் போகிறது, கம்பனிக்கு ஓட்டிய சேவைக்குப் பணம். அப்படியானால் சாரதிக்கு ஆட்களை அள்ள வேண்டிய தேவையே இல்லை. இது பணக்கார நாட்டுக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். எங்கள் பிள்ளைகள் போகிற சிசு செரிய பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் குறைந்த கட்டணம் கொடுக்கிறார்கள், மிச்சத்தை அரசு பஸ்காரருக்கு ஈடுசெய்கிறது, பஸ் பாடசாலை நேரத்துக்கு ஓடுகிறது. அதே யோசனையை ஒரு வீதி முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் என்ன?

ஒரு வீதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு இருப்பதே ஒன்றுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று நிலம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை. ஒரு ஊர் முடியுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும். கல்முனைக்கு அப்பால் வாவிக்குப் பதிலாக வயல், ஆனால் வீதி அதேதான், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று போய்க்கொண்டே இருக்கும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி, எல்லாருக்கும் அதே பஸ். பெரியாஸ்பத்திரி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பெரிய பாடசாலைகள், கடைத்தெரு எல்லாம் இந்த ஒரே நூலில் கோத்த மணிகள்தான்.

பிரேசிலில் குரிட்டிபா என்று ஒரு நகரம் இருக்கிறது. நிலத்தடி ரயில் கட்ட அவர்களிடம் காசில்லை. கட்டடக் கலைஞராக இருந்து மேயரான ஜைமே லெர்னர் காலத்தில், 1974இல், வீதியின் நடுவில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை விட்டார்கள். பிற்காலத்தில் கண்ணாடிக் குழாய் போன்ற தரிப்பிடங்கள் வந்தன, உள்ளே போகும்போதே காசு கொடுத்துவிட வேண்டும், பஸ் வந்ததும் தரையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம், ஏறுவதற்குப் படியே இல்லை. அதோடு, பெரிய கட்டடங்கள் அந்தப் பஸ் பாதைகளை ஒட்டித்தான் வரலாம் என்று சட்டம் போட்டு நகரத்தையே நீள நீளமாக வளர்த்தார்கள். அவர்கள் சட்டம் போட்டு உண்டாக்கிய வடிவம் எங்களுக்குக் கடலும் வாவியும் சேர்ந்து சும்மா கொடுத்தது. பரந்து சிதறிய ஊருக்குப் பத்து வழி பஸ் வேண்டும். எங்களுக்கு ஒரே வழி போதும், அதில் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் யாரும் நேரம் பார்த்து வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டியதில்லை.

பஸ் காணாது என்று மட்டும் நான் சொல்ல வரவில்லை. என் மகன் ஒரு கிழமை முழுக்க மாலையில் எங்கள் தரிப்பிடத்துக் கடை வாங்கில் இருந்து, டவுன் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸின் நேரத்தையும் கொப்பியில் எழுதினான். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 5.12, 5.14, 5.15 என்று மூன்று. அடுத்தது 5.57. மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால் நடுவில் வந்து நிற்கிறவனுக்கு அது ஒரு பஸ்தான். இதற்குக் காரணமும் விளங்காத ஒன்றல்ல. முன்னால் போகிற பஸ் கொஞ்சம் பிந்தினால் தரிப்பிடத்தில் சனம் கூடும், ஏற்றி இறக்க இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது கெதியாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். புறப்படும் இடத்தில் மட்டும் நேரம் குறித்தால் காணாது. காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் ஒரு நேரக்கணிப்பாளர் இருந்து, நெருங்கி வருகிற பஸ்ஸை நாலு நிமிடம் நிறுத்தி இடைவெளி விட்டு அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் ஆள் கணக்குக்குக் கூலி இருக்கும் வரை எந்தச் சாரதி அந்த நாலு நிமிடத்துக்குச் சம்மதிப்பார்?

சரி, இலகு ரயில். கொழும்பில் 1960 வரை டிராம் ஓடியது, பிறகு எடுத்துவிட்டார்கள். கொழும்புக்குப் பக்கத்து மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், தூண்களின் மேல் இலகு ரயில் என்று ஜப்பானோடு 2019இல் கடன் ஒப்பந்தம் எழுதினார்கள். வட்டி 0.1 வீதம், திருப்பிக் கொடுக்க 40 வருடம். 2020 செப்டெம்பரில், செலவு கூடுதல் என்று அரசு அதை நிறுத்தியது. மொத்தச் செலவு சுமார் 150 கோடி டொலர் என்றார்கள், அதாவது ஒரு கிலோமீற்றருக்குப் பத்துக் கோடி டொலர் அளவில். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், நீங்களே பெருக்கிப் பாருங்கள். தூணில்லாமல் தரையில் போட்டால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் கல்முனைக் கடைத்தெருவிலும் சாய்ந்தமருதிலும் தண்டவாளத்துக்கு ஒதுக்க வீதியில் எங்கே இடம்? ஜப்பான் உதவியின் பெறுமதி எங்களுக்குத் தெரியாமலில்லை. 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலமும் 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் அந்த உதவியில் வந்தவைதான். கொழும்புக்கே வந்து நின்றுபோன ஒன்றை நம்பி, அது வரும்வரை இந்தப் பஸ்ஸில் இப்படியே இருங்கள் என்று சனத்துக்குச் சொல்ல முடியாது என்பதுதான் என் கவலை.

அதற்காக ரயிலை மறக்கச் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை, தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற பேச்சை என் அப்பா காலத்திலிருந்து கேட்கிறேன். பாதை போகக்கூடிய நிலத்தை இப்போதே அளந்து ஒதுக்கி வைக்காவிட்டால் இன்னும் இருபது வருடத்தில் காசு வந்தாலும் இடமிருக்காது, இந்தக் கீற்று நிலத்தில் வளவுகள் துண்டு துண்டாகிக்கொண்டே போகின்றன. இருக்கிற தண்டவாளத்தையாவது முழுதாகப் பாவிக்கலாம். வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு என்று போடப்பட்ட பாதையில் கொழும்பு ரயில்கள் போய்வருகிற நேரம் தவிர மிச்ச நேரம் மாடுதான் நிற்கிறது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்துத் தண்டவாளத்தில் ஓடவிட்ட ரயில் பஸ் இந்த நாட்டில் ஏற்கெனவே ஓடியது. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை அப்படியொன்றை வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் விட்டால், வடக்குப் பக்கத்திலிருந்து வேலைக்கும் பாடசாலைக்கும் வருகிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதல். அதோடு இரவு ரயில் விடியுமுன் வந்து இறக்கிவிடும்போது நிலையத்து வாசலில் தெற்கே போக ஒரு பஸ் நிற்க வேண்டும். போன வருடம் என் தம்பி கொழும்பிலிருந்து வந்த மூன்றாம் வகுப்பு ரிக்கெட்டை விட நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஓட்டோவுக்குப் பல மடங்கு கொடுத்தான்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். மண்முனையில் பாலம் வரும்வரை கொக்கட்டிச்சோலைச் சனம் பாதையில்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் பாதையில் போய்வந்தவர்களுக்கு அதன் அருமையும் தெரியும், காற்று நாளில் அதன் பயமும் தெரியும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் பலியானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்துக் கொச்சியில் 2023இல் வோட்டர் மெட்ரோ என்று மின்சாரப் படகுச் சேவை தொடங்கினார்கள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் மட்டத்திலேயே மிதக்கிற துறைகள், அதனால் சக்கர நாற்காலியும் உருட்டிக்கொண்டு ஏறலாம், தொடங்கியபோது குறைந்த கட்டணம் இருபது இந்திய ரூபா. அவ்வளவு பெரிதாக எங்களுக்கு வேண்டாம். கூரையும் உயிர்காப்பு அங்கியும் உள்ள ஒழுங்கான படகு, துறையில் ஒரு மின்விளக்கு, படகு வந்து சேர்ந்ததும் பிரதான வீதிக்கு ஒரு பஸ், படகுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே ரிக்கெட். மண்டூரிலிருந்து விடியக் கிளினிக்குக்கு வெளிக்கிடுகிற கிழவிக்கு அது எந்த ரயிலை விடவும் பெரிது.

இரவு ஏழுக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாததால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங்கில் நிற்கிறது, சம்பளத்தில் ஒரு பங்கு மாதா மாதம் அதற்கே போகிறது. என் மகனும் கேட்கத் தொடங்கிவிட்டான். இரவு ஒன்பது வரை பஸ் வருமென்று எனக்குத் தெரிந்தால் நான் அவனுக்கு வேண்டாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

மாகாணப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்கள் இதை வாசித்தால் நான் கேட்பது இவ்வளவுதான். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஆறு மாதம், அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில், ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் என்று பரீட்சித்துப் பாருங்கள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அந்த அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள், தரிப்பிடத்துத் தரையை ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள். களுதாவளையில் எந்த நேரத்துக்கு எத்தனை பஸ் வருகிறது என்று மகன் எழுதிய கொப்பி வீட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் பிரதி எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தினமும் பஸ்ஸில் போய்வரும் வாசகி,
களுதாவளை.