கழற்றியவர் யார், பூட்டியவர் யார்?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து ஓசூர் டீக்கடைகளில் விமான நிலையப் பேச்சுதான். நிலத்தின் விலையைப் பேசுகிறார்கள், பேசட்டும். உங்கள் மாணவர்களில் சிலர் நாளை விமானத்தில் ஸ்பேனர் பிடிப்பார்கள். என் கவலை அவர்களைப் பற்றியது.

1991 செப்டம்பர் 10, இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்ப்ரேயர் பிரேசிலியா என்ற சிறு பயணிகள் விமானத்தைப் பிரித்து வேலை பார்த்தார்கள். வாலின் உச்சியில் இருக்கும் குறுக்குச் சிறகில், பனி உறையாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்ற வேண்டும். மாலை ஷிப்டில் வலப்பக்கத்தோடு இடப்பக்கத்தின் மேல்வரிசை 47 ஸ்க்ரூக்களையும் கழற்றிவிட்டார்கள். ஷிப்ட் மாறியது. வலப்பக்க வேலை மட்டும் முடிந்தது. இடப்பக்கம் கழற்றியதை யாரும் எழுதி வைக்கவில்லை. உயரமான வால், கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் முதல் பயணத்தை அந்த விமானம் ஒழுங்காகவே முடித்தது. அடுத்த பயணத்தில் சிறகின் முன்விளிம்பு பிய்ந்து, இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

இது ஏதோ அமெரிக்கா சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1998 ஜூலை 30, கொச்சி. திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிய டோர்னியர் 228 என்ற சிறு விமானம் எழும்பியவுடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு கடற்படைப் பணிமனைக் கட்டடத்தின் மேல் விழுந்தது. விமானத்தில் ஆறு பேர், தரையில் மூன்று பேர் பலி. வால் சிறகை அசைக்கும் கருவியைத் தாங்கும் இடத்தில் போட வேண்டிய இணைப்பு ஆணிகளைப் போடவே இல்லை. 2003-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் விமானம் விழுந்து 21 பேர் இறந்ததற்கு, வால் சிறகை இயக்கும் கேபிளைச் சரிசெய்தபோது சில படிகளைத் தாண்டிப் போனதும் ஒரு காரணம். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தவரே பரிசோதனைக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கையெழுத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இரவு ஷிப்ட் விட்டுப்போன ஒரு கியர்பாக்ஸுக்கு, நம்பிக்கையின் பேரில், மூடியைத் திறக்காமலே ஓகே போட்டவன் நான். ஆயில் ஒழுகியதோடு போயிற்று. தரையில் ஓடும் மெஷின், தப்பித்தேன்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இந்த விபத்துகளைத் தமிழில் ஒரு மணி நேரம் சொல்லுங்கள். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் காலை பேட்ச் பாதியில் விட்ட வேலையை மதிய பேட்ச் தொடரட்டும். வாயால் கேட்கக் கூடாது, நோட்டில் எழுதியிருப்பது மட்டுமே துணை. கூப்பிட்டால் நானும் வருகிறேன். கழற்றி வைத்த ஸ்க்ரூக்களில் இரண்டைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஒருவர்,
ஓசூர்