தூத்துக்குடியிலிருந்து சேவியருக்கு

அன்புள்ள சேவியருக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு நீ எப்படித் திட்டுவாய் என்பது தெரியும், திட்டியதாகவே வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம்.

இப்போது எழுத வைத்தது நம் துறைமுகம். 2025 செப்டம்பரில் இங்கே மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன், அதாவது வெயில், காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன், தரும் சிறிய ஆலை ஒன்றைத் திறந்தார்கள். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளும் ஒரு மின்வாகன சார்ஜிங் நிலையமும் அதில் இயங்குகின்றன. நான் கேலி செய்வேன் என்று காத்திருப்பாய். செய்ய மாட்டேன். வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத இந்த ஊரில் பழகாமல் வேறெங்கே பழகுவது?

என்னை உறுத்துவது கணக்குதான். 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல், ஒரு டன் சரக்கைக் கையாள்கையில் வெளியாகும் கரியமில வாயுவை 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைக்கச் சொல்கிறது. ஆனால் சரக்கு இருமடங்கானால், அந்த 30 விழுக்காட்டை முழுமையாகச் சாதித்த பிறகும் மொத்தப் புகை முன்பைவிட 40 விழுக்காடு கூடியிருக்கும். போதாததற்கு, நம் தளத்தில் இறங்கி, கன்வேயர் ஏறி, பக்கத்து அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் புகை துறைமுகத்தின் பேரேட்டில் ஏறாது.

கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் கொடுப்பதைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. தளத்தில் நிற்கும் கப்பல், தன் மின்தேவைக்காக ஓட்டும் துணை எஞ்சின்களை அணைத்துவிட்டால் ஊர்க்காற்றுக்கு உடனே நிம்மதி. இதில் எனக்கு மறுப்பே இல்லை. பெரும்பாலான கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 சுழற்சி) ஓட, நம் மின்தொகுப்போ 50 ஹெர்ட்ஸ் என்பதால் மாற்றிக் கொடுக்கும் கருவி வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். அதையும் செய்துவிட்டு, செருகியின் மறுமுனையில் நிலக்கரி மின்சாரமே வந்தால், புகைக்கூண்டு சற்றுத் தள்ளிப் போனதைத் தவிர வேறென்ன நடந்திருக்கும்? காற்றாலை மின்சாரத்தைத் துறைமுகத்துக்கென்றே ஒப்பந்தம் செய்துவிட்டுத் தளத்தில் கம்பி இழுப்பதே முறை என்பது என் கட்சி.

லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் 2004லிருந்தே சரக்குப்பெட்டகக் கப்பல்களுக்குக் கரை மின்சாரம் கொடுக்கிறது. நீ உன் கப்பலோடு அங்கே பலமுறை நின்றிருக்கிறாய். இணைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, மின்சாரக் கட்டணத்தைக் கட்டுவது யார் என்பதை மட்டும் விவரமாக எழுது. கேப்டன் புராணம் அடுத்த கடிதத்துக்கு.

அன்புடன்,
முருகேசன்