பாலையூற்று ஒழுங்கையில் ஒரு தாய்லாந்துச் சமையல்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணப் பேச்சு, உன் முழங்கால் வலி, வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை, நீ கடைசிப் பந்தியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு குறைக்கே ஒதுக்கப் போகிறேன். ரொறன்ரோவில் நீ போகும் தாய்லாந்து உணவகங்கள் எல்லாவற்றிலும் அதே பச்சைக் கறி, அதே பாட் தாய், அதே இனிப்பு என்றும், அவ்வளவு பெரிய நாட்டில் சமையல் இவ்வளவுதானா என்றும் கேட்டிருந்தாய். இவ்வளவுதான் இல்லை என்பதை நான் பாங்கொக்குக்குப் போய் அறியவில்லை. பாலையூற்றில், ஓர் ஒழுங்கைக்குள், தகரக் கூரை போட்ட ஒரு சோற்றுக் கடையில் உட்கார்ந்து அறிந்துகொண்டேன்.

முதலில் உன் குறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது நியாயமானது. நீ அங்கே சாப்பிடுவது பெரும்பாலும் பாங்கொக்கைச் சூழ்ந்த மத்திய சமவெளியின் சமையல். அதிலும் வெளிநாட்டார் நாக்குக்கென்று உறைப்பைக் குறைத்துச் சீனியைக் கூட்டியது. பாட் தாய்கூட ஊர் ஊராக வழிவழி வந்த பழம் பண்டம் அன்று. சீனக் குடியேறிகளின் நூடில்ஸ் கைப்பக்குவத்திலிருந்து பிறந்த அதை, பிபுன்சொங்க்ராம் பிரதமராக இருந்த காலத்தில், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், நாட்டுணர்வை வளர்க்கும் முயற்சியின் ஒரு பகுதியாக அரசாங்கமே பரப்பியது. பின்னர் 2002 இல், உலகெங்கும் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்குவதற்கென்றே அந்நாட்டு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கடைகள் பெருகினவே தவிர, பெரும்பாலானவற்றின் விலைப்பட்டியல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருப்பதில் வியப்பில்லை.

இனிக் கடைக்கு வருகிறேன். உரிமையாளர் நம் ஊர்க்காரர். தென் தாய்லாந்தின் பெரிய வணிக நகரமான ஹட்யாயில் நெடுங்காலம் ஓட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். மனைவி உபோன் ராட்சதானி என்னும் வடகிழக்கு மாகாணத்துப் பெண்; அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரையும் போல வேலை தேடித் தெற்கே இறங்கி வந்தவர். இப்போது நம் தமிழை நன்றாகப் பேசுகிறார். ஒழுங்கைப் பிள்ளைகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடை வாசலில் தொங்கும் பலகையில் சோறு, கொத்து, ப்ரைட் ரைஸ் என்று எழுதியிருக்கிறது. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வெள்ளைக்காரர்கள் வரும் மாதங்களில் மட்டும் பாட் தாய் என்று ஒரு வரி சோக்குக்கட்டியால் கூடுகிறது. நானும் மத்தியானச் சோற்றுப் பார்சலுக்காகவே போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அக்கா பிள்ளைகளோடு பின் மேசையில் இருந்து, சிறு பிரம்புக் கூடையிலிருந்து சோற்றைக் கையால் பிய்த்து உருட்டி எதிலோ தோய்த்துச் சாப்பிடுவதைக் கண்டு, அதில் எனக்கும் கொஞ்சம் தரச் சொன்னேன். "உங்களுக்குச் சரிவராது, மணக்கும்" என்றார். கருவாடு காயும் ஊரில் பிறந்தவனிடம் அப்படிச் சொன்னால் விடுவேனா?

அன்று நான் தின்றது ஈசான் சமையல். தாய்லாந்தின் வடகிழக்கை ஈசான் என்பார்கள்; கொராட் மேட்டு நிலம், அப்பால் மேக்கொங் ஆறு, ஆற்றைக் கடந்தால் லாவோஸ். ஈசான் கடல் எட்டாத பகுதி ஆகையால் அங்கே கடல் மீனும் தேங்காய்ப் பாலும் சமையலை ஆள்வதில்லை. ஆற்று மீன், மண்ணுக்கடியில் கிடைக்கும் உப்பு, காட்டுக் கீரை, ஒட்டும் தன்மையுள்ள அரிசி ஆகியவையே முதல். அந்த அரிசியை நம்மைப் போல் கொதிநீரில் இட்டு வடிப்பதில்லை. பல மணி நேரம் ஊறவைத்து, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் இட்டு ஆவியில் வேகவைக்கிறார்கள். கொழும்பிலிருந்து அந்த அரிசியை வருவிப்பதுதான் இவர்களுக்குப் பெரிய செலவாம்.

அவர் லாப் செய்வதை அடுப்படியில் நின்று பார்த்தேன். கோழி இறைச்சியைக் கத்தியால் கொத்தி, சட்டியில் இரண்டு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டு, இளஞ்சிவப்பு மாறி வெண்மையானதும் இறக்கிவிடுகிறார். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ச் சாறு, மீன் சாறு, வறுத்திடித்த மிளகாய்த் தூள், மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயம், புதினா ஆகியவை சேர்கின்றன. இதற்கிடையில் அதே ஒட்டரிசியை வெறும் சட்டியில், தவிட்டு நிறம் வந்து பொரியின் மணம் எழும்வரை கிண்டிக் கிண்டி வறுத்து, உரலில் இட்டு ரவை பதத்துக்கு இடித்து வைத்திருந்தார். அதைக் கடைசியாகத்தான் தூவ வேண்டும்; முந்திவிட்டால் சாற்றில் ஊறிக் களியாகிவிடும் என்றார். அந்தத் தூள் பல்லில் நறநறவென்று அகப்படும்போது, புளிப்புக்கும் உறைப்புக்கும் அடியில் ஒரு வறுவல் வாசம் தங்குகிறதே, அதுதான் அந்தப் பண்டத்தின் உயிர். பச்சைக் கோவாவும் பயிற்றங்காயும் பக்கத்தில் இருக்கும். ஒரு கடி அது, ஒரு வாய் இது.

பப்பாசிக்காய்ச் சம்பல் நீ அறிந்ததுதான், சோம் தாம். ஆனால் உனக்கு அங்கே கிடைப்பது நிலக்கடலையும் பனைவெல்லமும் உலர்ந்த இறாலும் போட்ட பாங்கொக் வகை. ஈசான்காரர் அதில் பிலா ரா என்னும் புளித்த மீன் சாறு விடாமல் சாப்பிடமாட்டார்கள். நன்னீர் மீனை உப்போடும் வறுத்த அரிசியோடும் அல்லது தவிட்டோடும் சாடியில் அடைத்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ வைத்தால் வருவது அது. நம் அக்கா கந்தளாய்க் குளத்து மீனைச் சந்தையில் வாங்கித் தாமே போட்டு வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தபோது நான் ஓரடி பின்வாங்கியதை உன்னிடம் மறைப்பானேன். ஆயினும் சம்பலில் கலந்த பிறகு நாற்றம் எங்கோ மறைந்து, பப்பாசியின் சப்பைக்கு ஓர் அடித்தளம் கிடைத்துவிடுகிறது. அவர் அந்தச் சாற்றை நன்றாகக் கொதிக்கவைக்காமல் எதிலும் சேர்ப்பதில்லை. காரணம் கேட்டேன். வேகாத நன்னீர் மீனில் இருக்கக்கூடிய ஈரல் தட்டைப்புழு வடகிழக்குத் தாய்லாந்தில் பித்தநாளப் புற்றுநோய்க்கு முக்கிய காரணம். உலகிலேயே அந்நோய் மிகுதியாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே, உன் ஊரில் யாராவது வீட்டில் செய்த பிலா ரா என்று பெருமையாக நீட்டினால், கொதிக்கவைத்ததா என்று கேட்டுவிட்டு வாயில் வை.

என்னை உண்மையில் வசப்படுத்தியது தெற்குச் சமையல். அது கணவரின் அடுப்பு. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மரக்கறி என்பதால் சனிக்கிழமைகளில்தான் போவேன். அன்று பெரும்பாலும் தெற்கத்திப் புளிக்கறி, கேங் சோம், இருக்கும். காய்ந்த மிளகாய், பச்சை மஞ்சள், உள்ளி, சின்ன வெங்காயம், உப்பிட்டுப் புளிக்கவைத்த கூனி இறால் களி ஆகியவற்றை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, பாரை மீன் துண்டுகளையும் பப்பாசிக்காயையும் போட்டு இறக்குகிறார். தேங்காய்ப் பால் கிடையாது. தெற்கே இதற்கு ஒரு காயை வட்டமாகச் சீவி வெயிலில் காயவைத்துப் புளியாகப் போடுவார்களாம்; அது நம் கொறுக்காய் இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் காய். இங்கே அது இல்லாததால் கொறுக்காய்ப் புளியே போகிறது. கறியின் மஞ்சள் நிறம் சற்றுக் கறுத்து, புகை வாசம் லேசாகத் தட்டுகிறது. சரியான ருசி இது அல்ல என்று அவர் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்கிறார். என் மனைவி, கடை மீனைக் கண்ணால் பார்க்கவே தயங்குபவள், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் சான்றிதழ் வேண்டுமா?

இன்னொன்று காவ் யாம். சங்குப்பூவின் சாற்றில் நீலமாக்கிய சோற்றில் வறுத்த தேங்காய்ப்பூ, இறால் தூள், பம்பளிமாசுச் சுளை, மயிரிழையாக அரிந்த எலுமிச்சம்புல், பலவகை இலைகள் எல்லாவற்றையும் குவித்து, நெத்தலி போன்ற மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து வெல்லத்தோடு காய்ச்சிய புடு என்னும் சாற்றை ஊற்றிப் பிசைந்து உண்பது. தாய்லாந்தின் தென்கோடியில் உள்ள பட்டானிப் பக்கத்து மலாய் முஸ்லிம்களும் பௌத்தர்களும் ஒன்றுபோல் உண்ணும் காலைச் சாப்பாடு. கோயிலுக்குப் பறிக்கும் பூவைச் சோற்றில் காண எனக்கு ஆரம்பத்தில் ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது வேலியில் பூத்திருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மீன் குடலை உப்பிட்டுப் புளிக்கவைத்துச் செய்யும் கேங் தாய் பிலாவும் ஒரு முறை உண்டேன். மரியாதைக்குரிய கறி, ஆனால் மறுபடி கேட்கமாட்டேன்.

சரித்திரம் என்றால் நீ விடமாட்டாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் வேண்டியதற்கிணங்க, அந்நாளில் சியாம் எனப்பட்ட தாய்லாந்தின் தலைநகர் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரரும் பிக்குகளும் ஒல்லாந்தர் உதவிய கப்பலில் 1753 இல் வந்து இறங்கியது நம் திருகோணமலையில்தான். அதற்காகப் புளிக்கறியும் அந்தக் கப்பலில் வந்தது என்று கதை கட்டிவிடாதே. தெற்குத் தாய்லாந்துக்காரருக்கும் நமக்கும் மீனும் மஞ்சளும் புளியும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ருசி நெருங்கிவர அதுவே போதும்.

வடக்குச் சமையலை மட்டும் இந்தக் கடையில் தேடாதே. சியாங் மாயின் காவ் சோய், அதாவது தேங்காய்ப் பால் கறிக் குழம்பில் முட்டை நூடில்ஸும் மேலே பொரித்த நூடில்ஸும் போட்டது, செய்து தருவீர்களா என்று கேட்டதற்கு, "அது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை, எனக்கு வராது" என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். எனக்கு அந்த மறுப்புப் பிடித்திருந்தது. எல்லாம் கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கும் கடைகளில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கம்மி.

ஆகையால் உன் ஊரில் தேடும்போது விலைப்பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. சமைப்பவர் எந்த மாகாணத்துக்காரர் என்று விசாரி. ஈசான் என்றால் லாப் கேள், பிலா ரா விட்ட சோம் தாம் கேள். தெற்கு மாகாணங்களான நக்கோன் சி தம்மராட் அல்லது சொங்க்லா என்றால் கேங் சோம் கேள். நீ கேட்கிறாய் என்று தெரிந்தால்தான் செய்வார்கள். பலரும் தங்கள் வீட்டுக்கு மட்டும் சமைத்துக்கொண்டு, கடைக்குப் பச்சைக் கறியை ஆக்குகிறார்கள்.

ஓகஸ்டில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் ஒட்டரிசிக்குச் சொல்லி வைக்கலாம். வழக்கம்போல் சொக்லேட் சுமந்து வராதே. அங்குள்ள தாய்லாந்து மளிகைக் கடையில் அந்த உலர்ந்த புளிக்காய்ச் சீவல் கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கி வா, கணவர் தமது கறியை ஒரு தடவையாவது திருப்தியோடு பரிமாறட்டும். பிலா ரா போத்தல் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உன் பெட்டிக்குள் உடைந்தால், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திருகோணமலை வரை உன்னை எந்த வாகனத்திலும் ஏற்றமாட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்