கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மதிப்பெண் போடுங்கள்

பெறுநர்: களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்ப்பவர்களும், போய்வந்து கப்பலுக்கு மதிப்பெண் போடுபவர்களும்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வணக்கம்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கே பெரிய கப்பலில் மூன்று நான்கு இரவு சுற்றிவரும் குழுக்கள் நம் எல்லைப் பக்கத்திலும் உண்டு. கொச்சியில் கப்பல் ஏறுகிறவர்களும் உண்டு. திரும்பி வந்ததும் பத்துக்கு ‘சாப்பாடு 7, நிகழ்ச்சி 9’ என்று ஒரு தாள் கைமாறுகிறது. அடுத்த குழுவின் பணம் எந்தக் கப்பலுக்கு என்பது அந்தத் தாளில்தான் முடிவாகிறது. கப்பல் சமையலறையிலும் மேடைக்குப் பின்னாலும் வேலை பார்த்த நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே: அந்தத் தாளில் இருப்பது பெரும்பாலும் முதல் நாள் பஃபேயும் முதல் இரவு ஷோவும்தான்.

நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்தியை வைத்து யாரும் சமையல்காரரை எடைபோடுவதில்லை. கடைசிப் பந்திக்கு அவியல் குழையாமல் வந்ததா, பப்படம் நமுத்துப்போனதா, பாயசத்தில் வெந்நீர் கலந்து நீட்டினார்களா என்றுதான் பார்க்கிறோம். கப்பலையும் அதே கண்ணால் பாருங்கள்.

ஏறுகிற நாள் மதியம் பஃபேக்குக் கெட்ட நேரம். முந்தைய பயணிகள் காலையில்தான் இறங்கியிருப்பார்கள். கேபின்கள் சுத்தமாகித் திறக்கப் பிற்பகல் ஆகும். அதுவரை கைப்பையோடு இருக்கிற எல்லாரும் மேல்தளத்துப் பஃபேயில்தான் நிற்பார்கள். அதே நேரத்தில் கீழே அந்தப் பயணத்துக்கான அரிசி, காய், இறைச்சி எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வேளையை மதிப்பெண்ணில் சேர்க்கவே வேண்டாம். சில கப்பல்களில் அன்று மதியம், மேஜைக்கே கொண்டுவந்து பரிமாறும் மெயின் டைனிங் ரூமும் திறந்திருக்கும்; கேட்டுப் பார்த்து அங்கே போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

மதிப்பெண் இரண்டாம் நாளிலிருந்து தொடங்கட்டும். பஃபேயில் மூன்று பண்டங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: வெறும் சோறு, எண்ணெயில் பொரித்த ஒன்று, குழம்பு ஒன்று. திறந்த பத்தாவது நிமிடம், நடுவில் ஒருமுறை, மூடுவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒருமுறை என்று மூன்று நேரமும் அதே மூன்றை ஒரு கரண்டி வீதம் எடுங்கள். சோறு ஓரத்தில் காய்ந்து விறைக்கிறதா, பொரித்தது ஆவியில் நனைந்து தோல்போல் ஆகிறதா, குழம்பு வற்றி மேலே ஆடை கட்டுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தெரிவது சமையல்காரரின் கைப்பக்குவம் அல்ல; பின்னாலிருந்து தட்டு மாற்றும் ஒழுங்கு. நல்ல சமையலறையில் கூட்டம் குறையக் குறையத் தட்டின் ஆழமும் குறையும். 100 மில்லிமீட்டர் ஆழத் தட்டுக்குப் பதில் 65 மில்லிமீட்டர் தட்டு வரும், அடிக்கடி மாறும். சோம்பேறிச் சமையலறை ஆழத் தட்டை நிரப்பி வைத்துவிட்டு, பழைய சோற்றின் மேலேயே புதுச் சோற்றைக் கொட்டும். அப்படிக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்ற எதையும் பார்க்காமலே இரண்டு மதிப்பெண் குறைக்கலாம்.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களைச் சோதிக்கும் சி.டி.சி. (அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) விதிப்படி, சூடாக வைக்கிற உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. குளிராக வைப்பது 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சமைத்ததை ஆறவைப்பதானால் இரண்டு மணி நேரத்தில் 57-லிருந்து 21-க்கும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5-க்கும் இறக்கியாக வேண்டும். அதே அமைப்பு கப்பல்களுக்கு 100-க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85-உம் அதற்குக் கீழும் தோல்வி. நீங்கள் போகும் கப்பல் அமெரிக்கப் பக்கமே போகாததாக இருந்தால் அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்காகத் தெர்மாமீட்டர் கொண்டுபோய்ப் பஃபே தட்டில் குத்தாதீர்கள். அது எல்லாரும் சாப்பிடுகிற தட்டு. பாயசமும் குழம்பும் வாயில் வைத்ததும் ஊத வேண்டியிருக்கிறதா, வெதுவெதுப்பாகவே இருக்கிறதா என்பதே நமக்குப் போதும்.

பஃபே வாசலில் கை கழுவ இடம் இருக்கிறதா, ஆட்கள் கழுவுகிறார்களா என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸை சானிட்டைசர் சரியாக ஒழிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. திடீரென்று ஒருநாள் கரண்டியைப் பயணிகள் கையில் கொடுக்காமல் பணியாளர்களே பரிமாறத் தொடங்கினால் சேவை கெட்டுவிட்டது என்று எழுதாதீர்கள். நோய் தலைகாட்டியதும் எடுக்கிற முதல் நடவடிக்கைகளில் அது ஒன்று. அதற்கு மதிப்பெண் கூட்டவே வேண்டும்.

இனி நம் ஆட்கள் அதிகம் கோபப்படுகிற பண்டங்களுக்கு வருகிறோம். கப்பல் சமையலறையில் பொதுவாகத் தீ கிடையாது. எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். தோசைக்கல்லும் மின்சாரக் கல்லே. வரிசை நீண்டு, அடுத்தடுத்து மாவு ஊற்றினால் கல்லின் சூடு இறங்கிவிடும், பழைய சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். அதனால்தான் முதல் நாலு தோசை சிவந்தும் இருபதாவது வெளுத்தும் வருகிறது. இரண்டு தோசைக்கு நடுவே கல்லைச் சும்மா காயவிட்டு உங்களை நிற்கவைக்கிறவர் தொழில் தெரிந்தவர். அவரைத் தாமதம் என்று திட்டி எழுதுவது நியாயமில்லை.

இட்லி வேறு கதை. மாவு புளிக்க ஒரு ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் கிடக்க வேண்டும். கப்பலின் குளிரூட்டிய சமையலறையில் அது மெதுவாகவே நடக்கும். மேலே சொன்ன சூட்டு விதிகளோ அரைத்த மாவை வெளியே வைத்திருப்பதையே சந்தேகத்தோடு பார்ப்பவை. எனவே பல கப்பல்களில் சோடா சேர்ந்த ரெடிமிக்ஸ்தான். சுடச்சுட மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகிவிடும். இட்லியை எடுத்த உடனே சாப்பிட்டு மதிப்பெண் போடுங்கள். மீனும் கப்பலில் பெரும்பாலும் உறையவைத்ததுதான். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் அன்றன்று கரைக்கு வருவதைத் தின்று வளர்ந்த நாக்குக்கு உறைந்த மீன் சப்பென்றுதான் இருக்கும்.  குடம்புளியும் தேங்காய் எண்ணெயும் இல்லாத மீன்கறிக்குக் குறை எழுத வேண்டாம். மீன் உதிர்ந்து குழம்பே துகளாகிக் கிடந்தால் எழுதுங்கள். பலமுறை சூடாக்கியதற்கு அது அடையாளம். சம்பா அரிசிச் சோறு கேட்டுச் சண்டை போடுவதும் வீண். தேநீரைக் குறை சொல்வதும் வீண்; கடல்நீரைச் சுத்திகரித்துக் குளோரின் சேர்த்த தண்ணீரும் பெட்டிப் பாலும் சேர்ந்தால் அந்தச் சுவைதான் வரும்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ருசியைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதை. மேற்கத்திய சமையலறையில் ‘வெஜிடேரியன்’ அடையாளம் போட்ட பண்டத்தில் முட்டை இருக்கலாம். காய்கறி சூப்பின் அடிநீர் கோழி எலும்பிலோ மாட்டெலும்பிலோ எடுத்ததாக இருக்கலாம். மூஸ், பன்னகோட்டா போன்ற இனிப்புகளைக் கெட்டியாக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்திருக்கலாம். பரிமாறுகிறவரிடம் ‘சைவமா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார். ‘அடிநீர் எது, ஜெலட்டின் உண்டா, இதே எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா’ என்று ஹெட் வெயிட்டரிடம் கேளுங்கள். கேட்டதும் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்கிறவர் இருக்கிற கப்பல் நல்ல கப்பல். மறுநாள் மெனுவை முந்தின இரவே கேட்டு, வேண்டியதைச் சொல்லிவைத்தால் அதற்கேற்ப மாற்றிச் சமைக்கும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. இதைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றும் தாளில் ஒரு கேள்வி வையுங்கள். கேட்காமலேயே ‘சைவத்துக்கு ஒன்றுமில்லை’ என்று எழுதிய தாள்கள் நிறைய வருகின்றன. குழு சேர்ப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு: சைவம் எத்தனை பேர், வெங்காயம் பூண்டு தொடாதவர் எத்தனை பேர் என்று முன்பதிவிலேயே எழுத்தில் கொடுக்காவிட்டால் நடுக்கடலில் யாரும் வாங்கிவர முடியாது.

காசு கொடுத்துச் சாப்பிடும் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டுக்குத் தனிக் கட்டம். டிக்கெட்டில் அடங்கிய சாப்பாட்டோடு அதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

நிகழ்ச்சிகளுக்கு வருவோம். கேபினுக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளை எடுத்து ஒரு பேனாவால் விற்பனைக்காக நடப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்: பிங்கோ, ஓவிய ஏலம், நகைக்கடைப் பேச்சு, ஸ்பாக்காரரின் ‘இலவச ஆலோசனை’, ஒயின் ருசிபார்த்தல். மிச்சம் இருப்பதுதான் கப்பல் உங்களுக்குத் தரும் கேளிக்கை. அறுபது வரி கொண்ட தாள் சில நாள் இருபது வரியாகச் சுருங்கும். துறைமுகத்தில் நிற்கிற நாளையும் முழுநாள் கடலில் ஓடுகிற நாளையும் தனித்தனியாக எண்ணுங்கள். எல்லாரும் கப்பலிலேயே இருக்கும் கடல்நாளில்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் திறமை தெரியும். மழை வந்து நீச்சல்குளத் தள நிகழ்ச்சி நின்றபோது அரை மணிக்குள் உள்ளே வேறொன்று தொடங்கியதா, அல்லது ‘ரத்து’ என்ற ஒரே அறிவிப்பா என்றும் குறியுங்கள்.

பெரிய தியேட்டர்களில்கூடக் கப்பலில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார இடமில்லை. ஆகவே ஒரே ஷோ ஒரு ராத்திரியில் இரண்டு முறையாவது நடக்கும். பிந்திய ஷோவுக்குப் போங்கள். ஆடுகிறவர்கள் களைத்திருக்கிறார்களா, முன்னதைப் போலவே முழுதாக ஆடுகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். உங்கள் சாப்பாட்டு நேரமும் ஷோ நேரமும் மோதுகின்றனவா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இரவு எட்டு எட்டரைக்கு உட்காரும் சாப்பாட்டுப் பந்தியில் இனிப்பு வருமுன் எழுந்து ஓட வேண்டியிருந்தால் அது திட்டமிட்டவரின் குற்றம்.

எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒலிப்பொறியாளரின் மேஜை இருக்கும் இடத்துக்குப் பக்கத்து வரிசைகளில் ஒலி சரியாக இருக்கும், ஏனென்றால் அவர் அங்கிருந்து கேட்டுத்தான் சரிசெய்கிறார். பால்கனிக்கு அடியில் பேஸ் என்கிற அடித்தொனி மட்டும் குமுறும். முன்வரிசை ஓரத்தில் ஒரு பக்க ஸ்பீக்கரே காதை அடைக்கும். தூண் மறைக்கும் இருக்கைகளும் உண்டு. ஒரே ஷோவுக்கு ஒருவர் 4-உம் இன்னொருவர் 9-உம் போடுவதற்குப் பாதிக் காரணம் இருக்கைதான். இசைக்குழு நேரில் வாசிக்கிறதா, பதிவு ஓடுகிறதா என்று பாருங்கள். மேடையில் மூன்று பேர் இருக்க, வயலின் கூட்டமே கேட்கிறது என்றால் பாதி பதிவுதான். அது தவறில்லை, ஆனால் ‘லைவ் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று விளம்பரம் செய்திருந்தால் குறைக்கலாம்.

தியேட்டர் பெரும்பாலும் கப்பலின் முன்பக்கத்தில் இருக்கும். அலை அடித்தால் முன்பக்கம்தான் அதிகம் ஏறி இறங்கும். அன்று கயிற்றில் தொங்கும் வித்தைகளையும் ஆளைத் தூக்கும் நடன அசைவுகளையும் வெட்டிவிடுவார்கள். திறந்தவெளி நீர் ஷோவைக் காற்றே நிறுத்திவிடும். பாதுகாப்புக்காக வெட்டியதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். சொல்லாமல் வெட்டினால் குறையுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் குழந்தைகள் கிளப்பில் எந்த வயது முதல் சேர்ப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பல இடங்களில் எடுக்கமாட்டார்கள்.

கப்பலுக்குக் கப்பல் ஒரே அளவுகோலும் வேண்டாம். இந்தியக் கரையோரம் ஓடும் எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது, சுமார் 48,500 டன். 2016-இல் வந்த ஜென்டிங் ட்ரீம் 1,50,000 டன்னுக்கு மேல். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 2,48,600 டன். 7,600 பயணிகள் வரை கொள்ளும். (இந்த டன் எடையல்ல, உள்ளிடத்தின் அளவு.) சிறியதில் ஐஸ் ரிங்க் இல்லை என்று குறைப்பதும், பெரியதில் நடக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பதும் ஒன்றுதான்.

தாள் இப்படி இருந்தால் போதும்: பண்டம் அல்லது நிகழ்ச்சி, நாள், மணி, உட்கார்ந்த இடம், 0 முதல் 5 வரை ஒரு எண், ஒரு வரிக் காரணம். குறைந்தது ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதட்டும். சராசரி எடுக்காதீர்கள். அசைவக்காரர் 5-உம் சைவக்காரர் 2-உம் போட்ட இடத்தில் 3.5 என்று எழுதினால் அடுத்த குழுவின் சைவக்காரருக்கு அது எதையும் சொல்லாது. கடைசி இரவே தாள்களை வாங்கிவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்தபின் எழுதினால் எல்லாருக்கும் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும்.

கப்பல் நிறுவனம் தருகிற கருத்துப் படிவம் வேறு, இந்தத் தாள் வேறு. அந்தப் படிவத்தில் சாப்பாட்டின் மேலுள்ள கோபத்தைப் பரிமாறியவர் தலையில் இறக்காதீர்கள். ஓடி ஓடி விசாரித்து வந்த வெயிட்டரின் பெயரைச் சட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல், மேஜை எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் சமையலறையிலும் மேடையிலும் வேலை பார்த்த எல்லையூர்க்காரர்கள் சிலர்