மாத்திரைக்கு முன்னால் ஆளைப் பார்க்கச் சொல்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன். லயத்து வீட்டுப் பிள்ளைகளான நாம் இருவரும் வெள்ளைச் சீருடை போட்டதையே அப்போது தோட்டம் முழுக்கப் பேசினார்கள். இப்போது உன் மகளும் போடப் போகிறாள்.

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. நம் அம்மாக்கள் பால்மரம் வெட்டிய நிரைகள் முழுதும் செம்பனையாகிவிட்டன. ஊரில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர், மீதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. தாதி வேலையை விட்டு வந்த பிறகும் என்னை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாத்திரைப் பையோடு வாசலில் யாராவது வந்து நிற்காத நாள் குறைவு.

மருந்துப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை என்று சின்னவள் அழுவதாக எழுதியிருந்தாய். பெயர்கள் நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று அவை குடும்பம் குடும்பமாகத்தான் வரும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் அவள் இந்நேரம் ஒப்பித்திருப்பாள். நான் அவளுக்குச் சொல்ல விரும்புவது வேறு. மருந்து கொடுப்பது மாத்திரையை எடுக்கும்போது தொடங்குவதில்லை, படுத்திருப்பவரைப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஆள் யார் என்பதையே எடுத்துக்கொள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகள் படுத்திருந்தார்கள். அப்பா பேரும் ஒன்றுதான். “நீங்கள்தானே லெட்சுமி?” என்று கேட்டால் இருவருமே தலையாட்டுவார்கள். காது கேட்காத பாட்டியும் மரியாதைக்காக ஆட்டிவிடும். அதனால் “உங்கள் பேர் என்ன, சொல்லுங்கள்” என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பிறகு கைப்பட்டையில் உள்ள அடையாள அட்டை எண்ணையும் மருந்துத் தாளில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆள் இடம் மாறுவார், பலகை மாறாது.

அப்புறம் டிஜாக்சின் என்ற இதய மாத்திரை. மருந்தியல் முழுவதையும் இந்த ஒரு மாத்திரையை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கொடுப்பதற்கு முன் ஸ்டெத்தஸ்கோப்பை இடது மார்பில், ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே ஆகாது. டிஜாக்சின் சாப்பிடுபவர்களில் பலருக்குத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும், சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எண்ணி முடித்தவுடன் வேலை முடிந்துவிடாது. “சோறு இறங்குகிறதா? குமட்டுகிறதா? கண் எப்படித் தெரிகிறது?” என்று கேட்கச் சொல். சாப்பாட்டை ஒதுக்கும் பாட்டியைப் பார்த்து ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லிவிடுவது எளிது. டிஜாக்சின் உடம்பில் அதிகமாகிவிட்டதற்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம். வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், எந்தச் செடியிலிருந்து இந்த வகை மருந்து வந்ததோ அதைப் பற்றி 1785இலேயே எழுதினார். அளவு மீறினால் வாந்தி வரும், நாடி மெதுவாகும், பார்ப்பதெல்லாம் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும் என்று அப்போதே குறித்து வைத்திருக்கிறார். ரத்தச் சோதனை வசதி எதுவும் இல்லாத காலம், நோயாளியைப் பார்த்தும் கேட்டும் கண்டுகொண்டது. கூடவே சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது குறைந்தால் அதே அளவு டிஜாக்சின்கூட நஞ்சாக வேலை செய்யும்.

இன்சுலினைப் பற்றி ஆசிரியர்கள் கண்டிப்பாகவே சொல்லியிருப்பார்கள். ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கென்று உள்ள ஊசியைத் தவிர வேறு எதிலும் எடுக்கக் கூடாது. யூனிட்டைச் சுருக்கி ஆங்கில எழுத்தில் ‘யு’ என்று கிறுக்கினால் அது சுழியமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும், எனவே முழுச் சொல்லையும் எழுத வேண்டும். இன்னொரு தாதி தானாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். உன் கணக்கைப் பார்த்து ‘சரி’ என்று சொல்வது சரிபார்ப்பது ஆகாது. சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டதா என்பதையும் பார்த்த பிறகுதான் ஊசி.

நம் ஆட்களிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, விரதம். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்துகொண்டு, கிளிக்லாசைடு என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், ஏற்றுவதற்குச் சோறு இருக்காது. வியர்வை, நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல். சுற்றி இருப்பவர்கள் அதைச் சாமி வந்ததாகக்கூட நினைத்துவிடுவார்கள். விரதத்தை விடச் சொல்லத் தேவையில்லை. தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்து நான் சொல்வது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக இருக்காது. பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும். நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் காட்டில் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், அதனால் போட மாட்டார். கிளினிக்கில் மிஸ்ஸி திட்டுவார் என்று போட்டதாகச் சொல்லிவிடுவார். பிரஷர் குறையாததைப் பார்த்து டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார், பிறகு இன்னொன்று. ஒரு நாள் வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்க்கப்படுவார். சீட்டில் உள்ள மாத்திரைகள் அத்தனையையும் தாதி ஒழுங்காகக் கொடுப்பார். மறுநாள் காலையில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது பிரஷர் சரிந்து விழுந்துவிடுவார். ஐந்து சரிகளும் சரியாகத்தான் இருந்தன! வீட்டில் உண்மையிலேயே எதைச் சாப்பிட்டார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துத் தீங்கைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் நேரத்தையும் முக்கியமான ஆபத்துகளில் ஒன்றாக வைத்தது இதனால்தான். “எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரவில்லை?” என்று அதட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்கவும் சொல்.

“வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதையும் விடக் கூடாது. மூட்டு வலிக்கென்று சந்தையில் விற்கும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி போய்விடும், முகம் உருண்டையாகும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். பயந்துபோய் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும், பிரஷர் மடமடவென்று இறங்கிவிடும். அதைச் சாப்பிட்டவர்கள் டாக்டர் சொல்படி மெல்ல மெல்லத்தான் விட வேண்டும். என்னிடம் கொண்டு வந்து காட்டுபவர்களிடம் பெட்டியில் அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பெட்டிகளில் ஒன்றும் இருப்பதில்லை.

கொடுத்த பிறகு திரும்பிப் போய்ப் பார்ப்பதும் இதே வேலைதான். மார்ஃபின் கொடுத்தால் மூச்சை எண்ண வேண்டும், கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வலி குறைந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். கொடுக்கும் முன்பே கொடுத்ததாகக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

கடைசியில் உன் விஷயம். பிரஷருக்கு அம்லோடிபின் தொடங்கியதிலிருந்து கால் வீங்குகிறது, நிறுத்திவிடலாமா என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீயாக நிறுத்தாதே. அந்த மாத்திரைக்கு இப்படி வீங்குவது உண்டு, டாக்டர் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு கொடுக்கலாம். ஆனால் எனக்கு இதையெல்லாம் எழுது. இரண்டு காலுமா, ஒரு காலா? காலையில் வற்றி மாலையில் ஏறுகிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறதா? ஒரே கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ. சின்னவளிடம் பிரஷர் பார்க்கச் சொல், அவளுக்கும் பழக்கமாகும். ஒரு வாரத்து எண்களை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி